ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குத்தான் போகும்

செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி வாங்குவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எளாவூரிலும் அதைச் சுற்றியுள்ள பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலும் உயரமான வண்டிக்கு எப்போதும் மவுசு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாது. கல்யாணம், காதுகுத்து என்றால் ஏழெட்டுப் பேர் ஏறியாக வேண்டும். புது எஸ்யூவியின் விலையோ கைக்கு எட்டாது. அதனால் செகண்ட் ஹேண்ட். புரோக்கர் ஒருவர் வருவார். "அண்ணே, டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கிடையாது" என்பார். நாமும் டயரைப் பார்ப்போம், ஏசியைப் போட்டுப் பார்ப்போம், ஆர்சி புக்கைப் புரட்டுவோம், விலையில் கொஞ்சம் அடித்துப் பேசுவோம்.

ஒன்றை மட்டும் கேட்க மாட்டோம்: இந்த வண்டிக்குக் கம்பெனி ரீகால் அறிவித்ததா? அறிவித்திருந்தால் அந்த வேலை முடிந்ததா?

தயாரிப்பிலேயே பாதுகாப்புக் குறை இருப்பது தெரியவந்து, கம்பெனி தன் செலவில் சரிசெய்து கொடுக்க வண்டிகளைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். அது சேஸிஸ் நம்பரை வைத்து நடக்கிறது. வண்டி எத்தனை கை மாறினாலும், இலவசமாகச் சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு வண்டியோடு கூடவே வரும். ஆனால் கடிதமும் குறுஞ்செய்தியும் கம்பெனியின் கணக்கில் இருக்கும் பெயருக்குத்தான் போகும். அண்ணா நகரில் வாங்கிய முதல் ஓனருக்குக் கடிதம் போயிருக்கும். வண்டி நம் பக்கத்துச் சுண்ணாம்புக்குளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியை அடைக்க வேண்டியவர் வாங்குகிறவர்தான். அவருக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.

பட்டியலுக்குள் போகுமுன் ஒரு கணக்கு. பழைய வண்டியின் கோளாறுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பெனியே ஒப்புக்கொண்ட குறை ரீகால். ஓனர்கள் சொல்லியும் கம்பெனி ஒப்புக்கொள்ளாத குறை புகார். ஏரிக் காற்றின் உப்பும் முந்தைய ஓனரின் பழக்கமும் கொண்டுவந்த குறை நம் கைச்செலவு. மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. எது எந்த வகை என்று தெரியாமல் அலைந்தால் பணமும் போகும், உரிமையும் போகும்.

செய்ய வேண்டியவை: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. சேஸிஸ் நம்பரை முதலில் எழுதி வாங்குங்கள். 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது அது. ஆர்சியில் இருப்பதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பொறித்த இடத்தில் அரைத்த தடமோ புதுப் பெயின்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நம்பர் சரியாக இருந்தால் அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கோ ஷோரூம் சர்வீஸ் சென்டருக்கோ போன் போட்டு, "இந்தச் சேஸிஸுக்கு முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே நம்பரைப் போட்டுப் பார்க்க வழி வைத்திருக்கின்றன. ஐந்து நிமிட வேலை. விற்பவர் சேஸிஸ் நம்பர் தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

2. மாடல் பெயரோடு நிற்காமல் தயாரிப்பு மாதத்தையும் கேளுங்கள். ரீகால் பெரும்பாலும் ஒரு மாடலின் எல்லா வண்டிக்கும் வருவதில்லை. குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளுக்கு மட்டும் வரும். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எகோஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் சுமார் 48,000 வண்டிகள், எரிபொருள் குழாயையும் பிரேக் குழாயையும் பிடித்திருக்கும் கிளிப்புக்காக அழைக்கப்பட்டன. 2018-இல் வந்தது வேறு. 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான 4,379 வண்டிகளில் முன்பக்க லோயர் கன்ட்ரோல் ஆர்மின் வெல்டிங்கைச் சோதிக்க வேண்டியிருந்தது. 2017 இறுதியில் தயாரான 1,018 வண்டிகளில் முன் சீட்டின் சாய்மானப் பூட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. 2017 ஏப்ரல் வண்டிக்கும் மே வண்டிக்கும் வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒன்றுக்கு ரீகால் உண்டு, மற்றதற்கு இல்லை. ஆர்சியில் பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

3. ஏர்பேக் ரீகாலை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும். பிறகு விபத்தில் ஏர்பேக் விரியும்போது இரும்புக் கூடே வெடித்துச் சிதறி, டிரைவரின் கழுத்திலும் முகத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே 25 பேருக்கும் மேல் இறந்தார்கள். மலேசியாவிலும் உயிர்ப்பலி நேர்ந்தது. 2017-இல் டகாட்டா திவாலானது. அமெரிக்க அரசு இன்ஃப்ளேட்டர் மாற்றும் வேலையை ஃபுளோரிடா, ஹவாய் போன்ற சூடும் ஈரமும் மிகுந்த மாநிலங்களில்தான் முதலில் முடிக்கச் சொன்னது. பழவேற்காடு ஏரிக்கரையின் சித்திரை வெயிலையும் ஈரக் காற்றையும் நினைத்துப் பாருங்கள். நாமும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவர்கள்தான். 2019 ஜூலையில் ஃபோர்டு, 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை தயாரான 22,690 பழைய எண்டெவர்களை முன்பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டருக்காக அழைத்தது. அந்தத் தலைமுறை எண்டெவர் இன்று குறைந்த விலையில் கைமாறுகிறது. வாங்குவதாக இருந்தால், இன்ஃப்ளேட்டர் மாற்றியதற்கான ஜாப் கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும், சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம்: விளக்கை யாரோ கழற்றியிருக்கலாம். விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், மேல்மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். டிரைவர் ஏர்பேக் நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் ஏர்பேக்கே இல்லாமல் இருக்கலாம். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல் அந்த வேரியன்ட்டில் கம்பெனி என்ன கொடுத்தது என்று விசாரியுங்கள்.

5. வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். நம் ஊரில் இது மிக முக்கியம். மேலே பளபளக்கும் வண்டி அடியில் செல்லரித்திருக்கும். சேஸிஸ் சட்டம், பிரேக் குழாய், கன்ட்ரோல் ஆர்ம் பூட்டும் இடம், ஷாக் அப்சார்பர் அமரும் கிண்ணம், டிக்கிக் கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலாக உள்ள துரு வேறு, உதிரும் துரு வேறு. டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். முந்தைய ஓனர் இறால், நண்டு, ஐஸ் பெட்டி ஏற்றியிருந்தால் உப்புத் தண்ணீர் ஒழுகித் தகடு அரித்திருக்கும். வாசனை போயிருந்தாலும் தகடு காட்டிக்கொடுக்கும். அடியில் புதுசாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் மகிழ வேண்டாம். எதை மூடினார்கள் என்று கேளுங்கள்.

6. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று தேடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவற்றில் பல துடைத்துக் கழுவி மீண்டும் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்று வரி அடியில் தெரியும். ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு இருக்கிறதா, சீட் தண்டவாள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

7. ரீகாலோடு கம்பெனி சொன்ன எச்சரிக்கையையும் படியுங்கள். 2021 செப்டம்பரில் மாருதி, விட்டாரா பிரெஸ்ஸா, எர்டிகா, சியாஸ், எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 ஆகியவற்றின் பெட்ரோல் வண்டிகள் 1,81,754-ஐ மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க அழைத்தது. 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரானவை அவை. வேலை முடியும் வரை தேங்கிய தண்ணீரில் ஓட்ட வேண்டாம், மின்பாகங்கள் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் சொன்னது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்குவதும், வாட்டர் வாஷில் பானெட்டுக்குள் பைப்பை வைத்து அடிப்பதும் நம் பக்கத்தில் சாதாரணம். அந்தக் காலத்துப் பிரெஸ்ஸாவை வாங்கினால் இந்த ஒரு ரீகால் முடிந்ததா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை: வண்டி கைக்கு வந்த பிறகு

8. ஆர்சியை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். படிவம் 29, 30 இரண்டும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைக் கடிதமும் தேவை. தடா, சூலூர்ப்பேட்டை, நெல்லூர்ப் பக்கம் வாங்கும் ஆந்திரப் பதிவு வண்டி என்றால் அங்கிருந்து என்ஓசி எடுத்து, இங்கே வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். எளாவூர் சோதனைச் சாவடியை நாள்தோறும் தாண்டுவதால் மட்டும் ஆந்திர வண்டி தமிழ்நாட்டு வண்டி ஆகிவிடாது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள்.

9. கம்பெனியின் கணக்கிலும் உங்கள் பெயரை ஏற்றுங்கள். பலரும் தவறவிடும் படி இது. ஆர்டிஓவில் பெயர் மாறினால் கம்பெனிக் கணினியிலும் தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். ஆர்சி நகலோடு சர்வீஸ் சென்டரில் ஒருமுறை போய் உங்கள் பெயர், போன், முகவரியைப் பதியச் சொல்லுங்கள். அடுத்த ரீகால் வந்தால் செய்தி உங்களைத் தேடி வரும்.

10. ரீகால் வேலைக்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். வேலை இலவசம், பாகத்துக்கும் கூலிக்கும் பணம் கேட்கக்கூடாது. எந்த ஊரில் வாங்கிய வண்டியானாலும் அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செய்துகொள்ளலாம். பாகம் வரவில்லை என்று சொன்னால் வந்து போன தேதியை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

11. ரீகால் இல்லாத குறைக்குப் புகாரைச் சரியான வாசலில் கொடுங்கள். முதலில் சர்வீஸ் சென்டர், பிறகு கம்பெனியின் தலைமை அலுவலகம். இரண்டுமே எழுத்தில், சேஸிஸ் நம்பரோடு. பாதுகாப்புக் குறை என்றால் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த பிரிவு 110ஏ, கம்பெனி தானாக அழைக்காவிட்டாலும் அரசே ரீகாலுக்கு உத்தரவிட வழி செய்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மாடலின் ஆண்டு விற்பனைக்கு ஏற்ப இத்தனை புகார்கள் சேர வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. அதனால் உங்கள் புகார் தனியாகப் பார்த்தால் சிறிது, எண்ணிக்கையில் பெரிது. அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் அதே கோளாறு என்றால் அவரையும் பதியச் சொல்லுங்கள்.

12. நுகர்வோர் ஆணையத்தை மறக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசித் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு ஹூண்டாய் க்ரெட்டா உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 2015-இல் வாங்கிய வண்டி 2017-இல் விபத்தில் சிக்கியபோது முன்பக்க ஏர்பேக் விரியவில்லை. மோதலின் விசையையும் வேகத்தையும் கணக்கிட்டுச் சொல்ல வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்தோடு, நஷ்டஈட்டையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் நீதிமன்றம் உறுதிசெய்தது.

செய்யக்கூடாதவை

1. "ரீகால் வந்த மாடலா? வேண்டாம்" என்று ஒதுக்காதீர்கள். ரீகால் வந்து, வேலையும் முடிந்த வண்டி, குறை தெரிந்து சரிசெய்யப்பட்ட வண்டி. பயப்பட வேண்டியது முடிக்காத ரீகாலுக்கு. 2023 ஆகஸ்ட்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளை இன்ஜின் பகுதியில் வயர் உராய்கிறதா என்று பார்க்க அழைத்தது. அந்தப் பெரிய எண்ணிக்கையைக் கண்டு மிரள வேண்டாம். உங்கள் கையில் வரும் அந்த ஒரு வண்டி போய்ப் பார்த்து வந்ததா என்பதே கேள்வி.

2. எல்லா ரீகாலையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ், 2005 முதல் 2013 வரை தயாரான சுமார் 1.14 லட்சம் செவர்லே டவேராக்களை அழைத்தது. அது புகை அளவும் வாகன விவரக்குறிப்பும் விதிக்குப் பொருந்தாத விவகாரம். பிரேக்கோ ஸ்டீரிங்கோ உடைந்துபோகும் விவகாரம் அல்ல. அபாயம் உயிருக்கா, வசதிக்கா, காற்றுக்கா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அவசரம் காட்டுங்கள்.

3. கடையை மூடிய கம்பெனியின் வண்டியை விலை மலிவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எகோஸ்போர்ட்டும் எண்டெவரும் உறுதியான வண்டிகள்தான். அதில் சண்டை இல்லை. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த சர்வீஸ் சென்டர் இன்னும் இருக்கிறதா, பாகம் வர எத்தனை நாள், எளாவூரிலிருந்து எவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள். ரீகால் உரிமை தாளில் இருந்து பயனில்லை. அதைச் செய்து தர ஆள் வேண்டும்.

4. வெளிநாட்டு ரீகாலை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். 2023 டிசம்பரில் ஃபோர்டு அமெரிக்காவில் 1,39,730 வண்டிகளை அழைத்தது. 2018 முதல் 2022 வரையிலான எகோஸ்போர்ட்டும் சில ஃபோகஸ் கார்களும் அதில் அடக்கம். 1.0 லிட்டர் இன்ஜினில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம். ஆயில் அழுத்தம் விழுந்து இன்ஜின் நின்றுபோகலாம், பிரேக் பூஸ்டர் உதவியும் குறையலாம் என்பது காரணம். அமெரிக்காவில் விற்ற அந்த எகோஸ்போர்ட்டுகள் சென்னைத் தொழிற்சாலையிலிருந்து கப்பலேறியவை. என்றாலும் அந்த உத்தரவு அமெரிக்காவுக்கு மட்டும்தான். ஒரே பெயரில் வரும் இன்ஜினின் உள்ளமைப்பும் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் வண்டியை வாங்குகிறவர், பெல்ட் எப்போது மாற்றியது, எந்த ஆயில் ஊற்றியது என்பதற்கு பில் கேட்க இந்தச் செய்தி போதுமான காரணம்.

5. பழைய வண்டிக்கும் அரசு ரீகால் வரும் என்று காத்திருக்காதீர்கள். கட்டாய ரீகால் விதி 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். கம்பெனிகள் தாமாக அழைக்கும் நடைமுறையை வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் வகுத்ததும் 2012-இல்தான். ஏரிக்கரையில் கைமாறும் பத்துப் பன்னிரண்டு வயது வண்டிக்கு அரசின் உத்தரவு குடை பிடிக்காது. கம்பெனி தானாக முன்வந்தால் உண்டு. இல்லாவிட்டால் நல்ல மெக்கானிக்கின் கண்தான் துணை.

6. உப்புக்காற்றுத் துருவை ரீகால் கணக்கில் சேர்த்துச் சண்டை போடாதீர்கள். துரு எப்போதும் நம் கைச்செலவுதான் என்றும் சொல்லிவிட முடியாது. 2014-இல் ஃபோர்டு அமெரிக்காவில், 2001 முதல் 2004 வரையிலான சுமார் 3,49,000 எஸ்கேப் எஸ்யூவிகளை சப்ஃப்ரேம் துருவுக்காகவே அழைத்தது. பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களின் வண்டிகள் அவை. சப்ஃப்ரேம் அரித்து, கன்ட்ரோல் ஆர்ம் கழன்று, ஸ்டீரிங் கட்டுப்பாடு போகும் ஆபத்து இருந்தது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, பல வண்டிகளில் அரிப்பு என்றால் வடிவமைப்பைச் சந்தேகித்துப் புகார் பதியுங்கள். கதவு விளிம்பிலும் சைலன்சரிலும் அங்கங்கே துரு என்றால் மாதம் ஓரிருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவதும், ஆண்டுக்கு ஒருமுறை அண்டர்கோட்டிங்கைப் பார்ப்பதும்தான் மருந்து. கரையோரம் உப்புநீர் ஏறும் இடத்தில் ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்தாதீர்கள்.

7. புல் பார், கூடுதல் லைட், ஹாரன் என்று வயரை வெட்டாதீர்கள். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு பொருத்துவதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிக்கு ஆபத்து, ஏர்பேக் சென்சாரும் மோதலை உணரத் தவறலாம். வயரை வெட்டி லைட் போட்ட வண்டியில் பின்னாளில் தீப்பிடித்தால், கம்பெனி முதலில் காட்டுவது அந்த வெட்டைத்தான். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குக் கண்ட உறையையும் மாட்டாதீர்கள்.

8. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டாதீர்கள். சட்டப்படி தவறு என்பதோடு, விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். நுகர்வோர் ஆணையத்தில் "இது வணிகப் பயன்பாடு" என்ற எதிர்வாதத்தையும் நாமே எடுத்துக் கொடுத்ததாகும். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டிச் செய்யும் சுயதொழிலுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. இறால், நண்டு கொண்டுபோய் விற்கும் சிறு வியாபாரிக்கு அது உதவலாம். அப்படியானால் வண்டியின் பதிவும் இன்ஷூரன்ஸும் அந்தத் தொழிலுக்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

9. யாரிடம் வாங்குகிறோம் என்பதைப் பார்க்காமல் பணம் எண்ணாதீர்கள். தனி ஆளிடம் வாங்கினால் விலை குறையும். ஆனால் அவர் வியாபாரி அல்லர். அவரை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது கடினம். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே வாங்கினாலும் "முடிக்காத ரீகால் இல்லை, வெள்ளத்தில் மூழ்கவில்லை, பெரிய விபத்து இல்லை" என்ற மூன்று வரியை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம்.

10. விற்கும்போது நீங்களும் மறைக்காதீர்கள். செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி நாளை உங்கள் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். ரீகால் கடிதம், ஜாப் கார்டுகள், சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுச் சாவியோடு கொடுங்கள். கம்பெனிக்கும் ஒரு போன் போட்டுப் புது ஓனரின் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டி விற்ற பிறகு உங்கள் போனுக்கு ரீகால் குறுஞ்செய்தி வந்தால், "இப்போது நம் வண்டி இல்லையே" என்று அழித்துவிடாமல் வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.